வயதுக் குறிப்பு மட்டும் போதாது

ஐயா,

தங்கள் ஞாயிறு இணைப்பில் புதிய சிறார் நூல்களுக்கான பரிந்துரைப் பட்டியல் வெளியானது மகிழ்ச்சி. ஆனால் தலைப்பு, விலை, '6 முதல் 12 வயது வரை' என்ற குறிப்போடு அது நின்றுவிடுகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்கும் நாவலைக் கீழே வைக்காத சிறுமிக்கும் ஒரே பட்டியல் எப்படிப் பொருந்தும்? தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளாகப் பிரித்திருப்பது இதனால்தான். நிலை தவறிய புத்தகத்தை நூலகத்துக்குத் திரும்பி வரும்போதே கண்டுபிடித்துவிடலாம்: முதல் சில தாள்கள் கசங்கியிருக்கும், மற்றவை புதுக்கருக்கு மாறாமல் விறைப்பாக இருக்கும்.

நூலின் பேசுபொருளையும் சொல்ல வேண்டும். சிறார் இலக்கியத்துக்காக சாகித்ய அகாதமி வழங்கும் பால சாகித்ய புரஸ்கார் விருதை 2020ஆம் ஆண்டுக்குப் பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பேசும் நூல். வீடுதோறும் இருக்க வேண்டியது. பெற்றோர் முதலில் படித்து, கேள்விகளுக்குத் தயாரான பிறகே கையில் கொடுக்க வேண்டும் என்ற ஒரு வரி இல்லாவிட்டால் அந்தப் பரிந்துரை அரைகுறைதான். இனி ஒவ்வொரு நூலுக்கும் பக்கத்துக்கு எத்தனை வரிகள், எழுத்து பெரிதா சிறிதா, பெரியவர் துணை தேவையா என்று குறிப்பிட்டு, நடுப்பக்கத்திலிருந்து ஒரு பத்தியையும் வெளியிடுங்கள். அதைக் குழந்தை உரக்கப் படிக்கட்டும். ஐந்து சொற்களுக்கு மேல் தடுமாறினால், அந்த நூலை இப்போதைக்குப் பெற்றோர் வாசித்துக் காட்டலாம்.

- ஒரு நூலகர், திருநெல்வேலி