நோயின் பெயர் கேட்காமல் கைகொடுத்தவர்களுக்கு

உங்கள் எல்லோருக்கும் அன்பும் வணக்கமும்.

என் பிள்ளைகள் இருவருக்கும் வளர்ச்சித் தாமதம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. கழுத்து நிற்பது, உட்காருவது, நடப்பது, பேசுவது எல்லாமே தள்ளித்தான் போகிறது. மகன் இன்னும் பிடிமானம் இல்லாமல் நிற்க மாட்டான். தலை ஸ்கேன், ரத்தம், குரோமோசோம் என்று எடுக்கச் சொன்னதை எல்லாம் எடுத்தாயிற்று. மரபணுக் கோளாறாக இருக்கலாம் என்கிறார்கள். எந்தக் கோளாறு என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை.

"என்ன நோய்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று எங்களைத் திருப்பி அனுப்பிய இடங்கள் உண்டு. அப்படிச் சொல்லாமல், இருக்கிற பிள்ளையை இருக்கிறபடியே கையில் வாங்கிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சருக்கு. மகள் பத்து மாதமாகியும் உட்காரவில்லை. சில பிள்ளைகள் அப்படித்தான், அவள் அப்பாவே லேட்டாகத்தான் நடந்தான் என்று சொந்தக்காரர்கள் சமாதானம் சொன்னார்கள். டீச்சர் சமாதானம் ஆகவில்லை. 2013-இல் வந்த ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்கிற பிள்ளைகள் உடல்நலத் திட்டத்தில் வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு டாக்டர் வண்டி வரும். அது வருகிற தேதியைச் சொல்ல நேரில் வீட்டுக்கே வந்து, "வேல கெடந்தா கெடக்கட்டும், பிள்ளையத் தூக்கிட்டு வந்துரு தாயி" என்றார். அன்றைக்குக் கொடுத்த சீட்டோடுதான் நாங்கள் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு வயதுக்குள் தெரபி தொடங்கியதற்கு அவர்தான் காரணம்.

அங்கே, வளர்ச்சி தள்ளிப் போகிற பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே தெரபி கொடுக்கிற இடையீட்டு சேவை மையத்தில் இருந்த பிசியோ தங்கச்சிக்கு நான் என்ன சொல்லி நன்றி சொல்வது? மகளுக்கு அப்போது சாப்பாடு ஊட்டுவதே பெரிய போராட்டம். புரையேறிப் புரையேறி நெஞ்சில் சளி கட்டி, அடிக்கடி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் ஒரு நாள் என்னைத் தரையில் உட்காரவைத்து, பிள்ளையின் இடுப்பை என் தொடைக்கு நடுவில் நிமிர்த்தி வைத்து, நாடியை, அதாவது மோவாயை, இரண்டு விரலால் தாங்கிக் காட்டினார். தலை பின்னால் சாயக்கூடாது, நாடி லேசாகக் கீழே பார்த்திருக்க வேண்டும். கஞ்சி தண்ணீராக ஓடாமல் கெட்டியாக இருக்க வேண்டும். சின்ன ஸ்பூனில் பாதி எடுத்து, நாக்கின் நடுவில் வைத்து, உதடு மூடும்வரை பொறுக்க வேண்டும். "அவ விழுங்கினதும் உங்களுக்கே தெரியும்க்கா, அதுக்கப்புறம் அடுத்த வாய்" என்றார். ஒரு கிண்ணம் கஞ்சி முடிய ஒரு மணி நேரம் ஆனது. புரையேறவில்லை. நோய்க்குப் பெயர் இருந்திருந்தாலும் இதைத்தானே செய்திருக்க வேண்டும்!

அவர் எழுதிக் கொடுத்த அளவை வைத்து மூலை நாற்காலி செய்து தந்தவர் எங்கள் தெரு ஆசாரி அண்ணன். முதுகுக்கு இரண்டு பலகை மூலைபோலச் சேரும், முன்னால் ஒரு தட்டு, கால் நழுவாமல் இருக்க நடுவில் ஒரு கட்டை. மகளை மடியில் வைத்து அளந்து பார்த்துவிட்டு, எழுதியிருந்ததைவிட அரை அங்குலம் தள்ளி அந்தக் கட்டையை அடித்தார். விளிம்பெல்லாம் உப்புத்தாள் போட்டு இழைத்திருந்தார். கூலி வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். இப்போது அதில் மகன் உட்காருகிறான்.

மாற்றுத்திறனாளிகளுக்காக இருக்கிற ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் ஐயா 1981-இல் தொடங்கியது. அங்கிருந்து ஊருக்குள் வருகிற பணியாளர் அக்கா, மழையானாலும் வெயிலானாலும் வந்துவிடுவார். வந்ததும் நேரே பிள்ளைகளிடம்தான் பேச்சு. நான் சோர்ந்து கிடக்கிற நாளில் மட்டும், "நீ முதல்ல சாப்டியா?" என்று என்னைக் கேட்பார். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு வழி சொன்னவரும் அவர்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை மாற்றுத்திறன்கள் இருக்கின்றன, அறிவுசார் குறைபாடு அதில் ஒன்று, அதற்கு மரபணு ரிப்போர்ட் தேவையில்லை, பிள்ளையால் என்ன முடிகிறது என்பதைப் பார்த்துத்தான் சதவீதம் போடுவார்கள் என்று விளக்கினார். அந்த அட்டையை வைத்துத்தான் ஒரு லட்சம் ரூபாய்வரை மருத்துவச் செலவு கிடைக்கிற நிராமயா காப்பீட்டுக்கும் எழுதிப் போட்டோம்.

என் கணவர் என் அத்தை மகன். இரண்டாவது பிள்ளைக்கும் இப்படி என்று தெரிந்ததும், "சொந்தத்துல கட்டுனா இப்படித்தான்" என்று வாசலில் நின்றே பேசினார்கள். மரபணு டாக்டர் அம்மா எங்கள் இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு தாளில் வட்டமும் சதுரமும் போட்டு விளக்கினார். நல்லது ஒன்று, பழுதானது ஒன்று என்று ஒரே மரபணுவை இருவரும் சுமந்தால் இருவருக்கும் ஒன்றும் தெரியாது. பழுதானது இரண்டும் ஒரே பிள்ளைக்குப் போனால்தான் நோய் வரும், ஒவ்வொரு பேற்றிலும் அதற்கு 4-இல் 1 வாய்ப்பு. உங்களுக்கும் அப்படித்தானா என்பது இன்னும் உறுதியில்லை, சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் இது வரும், இதில் யார் குற்றமும் இல்லை என்றார். என் கணவர் வாய்விட்டு அழுதார். டாக்டர் அம்மா அடுத்த நோயாளியைக் கூப்பிடாமல் காத்திருந்தார். வெளியே எவ்வளவு கூட்டம் இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

மரபணுக்களைப் படித்துப் பார்க்கிற எக்ஸோம் பரிசோதனையில் ஒரு மாற்றம் தெரிந்தது, ஆனால் அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்று ரிப்போர்ட் வந்தது. பிள்ளைகளுக்கு மறுபடி ஊசி குத்த வேண்டாம், புதிய மரபணுக்கள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன, இதே தரவைக் கொஞ்ச காலம் கழித்துத் திரும்ப அலசலாம் என்று நம்பிக்கை கொடுத்ததற்கும் சேர்த்து அவருக்கு நன்றி.

ஊர் வாயை அடைத்தவர் என் மாமியார். "எம் மருமவள ஒரு வார்த்த சொன்னா நடையேற விடமாட்டேன்" என்று அவர் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. அத்தை, அன்றைக்கு உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை, இப்போது சொல்கிறேன், நீங்கள் இல்லாவிட்டால் நான் இல்லை.

அப்புறம், எங்கள் வளவுப் பெண்கள். நான் பீடி சுற்றுகிறவள். தெரபிக்குப் போகிற நாளில் என் பீடிக் கணக்கு குறையும். நான் திரும்பி வருவதற்குள் ஆளுக்கு ஒரு கட்டு சுற்றி என் தட்டில் சேர்த்து வைத்திருப்பீர்கள். யார் எவ்வளவு சேர்த்தீர்கள் என்று கேட்டால் ஒருவரும் சொல்ல மாட்டீர்கள். மகளைப் பள்ளியில் தயங்காமல் சேர்த்துக்கொண்ட தலைமையாசிரியருக்கும், வட்டார வள மையத்திலிருந்து வருகிற சிறப்பாசிரியருக்கும், அவள் பையைப் போட்டி போட்டுத் தூக்கி வருகிற அவள் வகுப்புப் பிள்ளைகளுக்கும் நன்றி.

மகள் இப்போது என் கையைப் பிடித்து வாசல்வரை நடக்கிறாள். தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் காட்டுகிறாள். மகன் அக்காவைக் கண்டால் சத்தம் போட்டுச் சிரிக்கிறான். அடுத்த வருடம் அந்தத் தரவை மறுபடி பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். என்ன வந்தாலும், ஒன்றும் வராவிட்டாலும், உங்கள் எல்லோருக்கும் வந்து சொல்கிறேன்.

மாறாத நன்றியுடன்,
இரண்டு பிள்ளைகளின் அம்மா
தென்காசி மாவட்டம்