கடைப் பில்லை வாயில் கவ்வாதே

குளச்சல்,
ஞாயிறு மத்தியானம்

மக்களே,

இன்றைக்கும் போன் அடித்து அடித்து நின்றது. இதோடு ஐந்து ஞாயிறு. "பிஸிம்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வருகிற ஒரு வரியை நான் அப்பாவுக்குக் காட்டுவதில்லை. நீ பேசினாய் என்றே சொல்கிறேன். சரி, அதை விடு. அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. வடசேரிக் காரியம் நீ சொன்ன மாதிரியே முடிந்தது. மட்டி வாழை குலை தள்ளியிருக்கிறது.

எழுத உட்கார்ந்தது அந்தக் கறுப்பு டப்பாவுக்காக. கடைசியாக வீடியோவில் பேசியபோது, கடையிலிருந்து வந்த குழம்பை டப்பாவோடு மைக்ரோவேவில் வைத்தாய். வெளியே எடுத்தபோது மூடி வளைந்திருந்தது, ஓரத்தில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. கடைப் பில் உன் பல்லில் இருந்தது. பஸ் டிக்கெட்டையும் சின்னதிலிருந்தே அப்படித்தான் கவ்வுவாய். அது மையில் அடித்த சீட்டு. இப்போதைய பில் சூட்டில் எழுத்து விழுகிற தாள். அதில் பெரும்பாலும் பிஸ்பீனால் என்கிற ரசாயனம் பூசியிருக்கும், தொட்டாலே விரலில் ஒட்டும். வாயில் வைக்காதே மக்களே.

2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எல்சா 3 கப்பல் மூழ்கியதல்லவா, அதிலிருந்த பிளாஸ்டிக் மணி நம்ம கரைக்கும் வந்தது. ஜவ்வரிசி போல வெள்ளையாக இருக்கும். பிள்ளைகள் சல்லடை வைத்து மணலைச் சலித்தார்கள், நானும் போய் உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்து சேலையை உதறினால் மடிப்பிலிருந்து மூன்று மணி விழுந்தது. நகத்தால் அழுத்தினேன், நசுங்கவில்லை. கடலில் கிடக்கக் கிடக்க, தண்ணீரில் ஏற்கெனவே இருக்கிற டி.டி.டி. மாதிரியான பழைய பூச்சிமருந்தையெல்லாம் அது தன்மேல் ஏற்றிக்கொள்ளும். மீன் அதை இரை என்று விழுங்கும். அன்றிலிருந்து சாளை கழுவும்போதெல்லாம் குடலைப் பிரித்துப் பார்க்கிறேன். மீன் வாங்குவதை நிறுத்தவில்லை. நம்மாட்களின் பிழைப்பு அது.

இருபத்தேழு வருஷம் ஹார்மோன் பாடம் எடுத்தவள் நான். பத்தாம் வகுப்பில் பிட்யூட்டரியைக் கரும்பலகையில் வரைய உன்னைத்தான் எழுப்புவேன். என் பிள்ளை என்பதற்காக இல்லை, உன் கோடு ஒருநாளும் கோணாது. பிஸ்பீனால் ஏ என்பது கள்ளச்சாவி மாதிரி. ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோனுக்கு என்று இருக்கிற பூட்டில் போய் நுழைந்துகொள்ளும். பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கிற தாலேட்டும் ஹார்மோனைக் குழப்புகிற வகைதான். 1998இல் அமெரிக்காவில் பேட்ரிசியா ஹன்ட் என்பவருடைய ஆய்வுக்கூடத்தில் எலிக்கூண்டுகளைத் தவறான சோப்பு போட்டுக் கழுவிவிட்டார்கள். பிஸ்பீனால் ஏ வைத்துச் செய்கிற பாலிகார்பனேட் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் கூண்டு. அது அரித்து பிஸ்பீனால் கசிந்தது. நூற்றில் ஒன்றிரண்டு எலிக் கருமுட்டையில் குரோமோசோம் வரிசை தப்புகிற இடத்தில், நாற்பது வரைக்கும் தப்பிப்போனது. ஐரோப்பாவில் 2011இலேயே குழந்தைகளின் பால்குப்பியில் அதைத் தடுத்தார்கள்.

உன் கறுப்பு டப்பா பாலிகார்பனேட் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் எந்தப் பிளாஸ்டிக்கிலும் ஏதோ ஒன்றைச் சேர்த்துத்தான் வார்க்கிறார்கள். சூடும் எண்ணெயும் பட்டால் அது கூடுதலாகச் சாப்பாட்டில் இறங்கும். 'பி.பி.ஏ. இல்லாதது', அதாவது பிஸ்பீனால் ஏ இல்லை, என்று ஒட்டியிருந்தாலும் நம்பாதே, பல நேரம் அதற்குப் பதில் பிஸ்பீனால் எஸ் போடுகிறார்கள், அதுவும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கிறது. ஸ்டீலில் சுடவை. அது அடுப்பில்; மைக்ரோவேவில் என்றால் கண்ணாடியில் மட்டும் சுடவை, ஸ்டீலை அதற்குள் வைக்காதே. ஆறினதைப் போட்டால் போதும் என்று சொல்லாதே, நீ ஆறவைக்க மாட்டாய். ஒரு ஆறுதல் உண்டு. பிஸ்பீனால் உடம்பில் தங்காது, ஒன்றிரண்டு நாளில் சிறுநீரில் போய்விடும். உள்ளே போவதை நிறுத்தினால் அளவு குறையும். அதனால் அடுப்பில் ஸ்டீலில் சுடவை.

இவ்வளவு எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். மறுபடி திறந்தேன்.

பதினாறு வயதில், அடுக்களை வாசலில் நின்று, "அம்மா, மூணு மாசமா வரல" என்றாய். நான் மீன் அரிந்துகொண்டிருந்தேன், தலை நிமிரவில்லை. "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாவும், யார்கிட்டயும் சொல்லாத" என்றேன். மறுநாள் காலையில் இதே பாடத்தை நாற்பது பிள்ளைகளுக்கு எடுத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று பயந்தேன். ஹாஸ்டலிலிருந்து நீயாகவே போய் ஸ்கேன் எடுத்து நீர்க்கட்டி என்று தெரிந்து வந்தபோதும், அந்தத் தாளை மடித்து அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்தேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கு உன் மாமியார் கேட்டதற்கு, "ஒரு நாள் தப்பாது" என்று சொன்னேன். நீ பக்கத்தில் காபித் தட்டோடு நின்றாய். என்னைப் பார்த்தாய்.

நீர்க்கட்டி உள்ள பெண்களின் ரத்தத்தில் பிஸ்பீனால் கூடுதலாக இருக்கிறது என்று பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதுதான் காரணம் என்று யாரும் முடிவாகச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று முடிவாகத் தெரியும். அது நீ செய்த குற்றம் இல்லை. உன்னை ஒளிக்கச் சொன்னது நான். நாலு வருஷமாக அந்த வீட்டில் என் பொய்யை நீ சுமக்கிறாய். போன மாசம் போனில் "விசேஷம் ஏதும் உண்டா" என்று கேட்டவளும் நானேதான்.

அந்த ஸ்கேன் தாள் இப்போதும் இருக்கிறது. வியாழக்கிழமை ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் பக்கத்து வீட்டுப் பையன் பெங்களூர் வருகிறான். மூன்று ஸ்டீல் டப்பா, ஓலைப்பெட்டியில் கருப்பட்டி, ஒரு சீப்பு மட்டிப்பழம் கொடுத்துவிடுகிறேன். தாள் பெரிய டப்பாவுக்குள் இருக்கும், டாக்டருக்குக் காட்ட உதவும். உன் மாமியாரிடமும் மாப்பிள்ளையிடமும் நான் சொன்ன பொய்யை நானே வந்து சொல்கிறேன். எப்போது வரட்டும், வரட்டுமா என்று நீ சொல்லு. நீ சொல்லாமல் நான் வாய் திறக்க மாட்டேன்.

போன் எடுக்க வேண்டாம். டப்பா வந்தது என்று ஒரு வரி போடு, அது போதும்.

அம்மா