டன்னார்டையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென் ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் மூண்ட காட்டுத்தீ பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தீக்காயம் பட்ட கோலாக்களைப் பற்றி மனம் உருக எழுதியிருந்தீர்கள். ஆனால் அந்தத் தீவில் வாழும் டன்னார்டு என்ற சிறு பிராணிக்கு ஒரு வரிகூட இடம் கிடைக்காதது வருத்தமாக இருந்தது. கோலாக்கள் 1920-களில் அங்கே கொண்டுபோய் விடப்பட்டவை. டன்னார்டின் இந்த இனமோ உலகில் வேறெங்கும் கிடையாது.

பார்ப்பவர்கள் சுண்டெலி என்றே நினைப்பார்கள். இருபது கிராம் சொச்சம் எடை, கூரிய மூக்கு, சாம்பல் ரோமம். உண்மையில் அது கங்காருவைப் போலக் குட்டியைப் பையில் வைத்து வளர்க்கும் பிராணி. சிலந்தியும் பூச்சிகளும்தான் இரை. யக்கா என்கிற புல்மரத்தைச் சுற்றிப் பாவாடைபோலத் தொங்கும் காய்ந்த இலைகளுக்குள் பதுங்கிக்கொள்ளும். அந்த இலைகளும் தீயில் பற்றி எரிந்தன.

2019 டிசம்பரில் மின்னலால் மூண்ட தீ, அடுத்த மாதத்துக்குள் தீவில் ஏறக்குறைய பாதியை எரித்துவிட்டது. டன்னார்டுகள் வாழ்ந்த இடத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கருகியது. அப்படியும் சில தப்பின. மறைந்துகொள்ள ஒரு புதர்கூட இல்லாத சாம்பல் வெளியில், காடேறிய பூனைகளுக்கு அவை எளிதில் அகப்பட்டன. தீக்குப் பிறகு அங்கே பிடிபட்ட 86 பூனைகளின் வயிற்றை ஆராய்ந்தபோது, ஏழு பூனைகளுக்குள் எட்டு டன்னார்டுகளின் எச்சங்கள் இருந்தன. சில நூறு மட்டுமே மிஞ்சியிருக்கும் இனத்தில் எட்டு என்பது சிறிய கணக்கா?

எரியாமல் தப்பிய ஒரு தனியார் நிலத்தைச் சுற்றி, ஆஸ்திரேலிய வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பும் உள்ளூர் ஆர்வலர்களும் முதலில் அவசர வேலி போட்டார்கள். பிறகு அதையே விரித்து, சுமார் 370 ஹெக்டேருக்குப் பூனை நுழைய முடியாத சரணாலயமாக்கினார்கள். போற்ற வேண்டிய வேலை. ஆனாலும் வேலிக்கு வெளியே உள்ள டன்னார்டுகளுக்குப் பூனை ஒழிப்பு ஒன்றே வழி. கிழக்கே டட்லி தீபகற்பத்தில் அந்த வேலை நடக்கிறது. அதைத் தீவின் மேற்குக் கோடி வரை கொண்டுபோகப் பல ஆண்டுகளுக்குத் தடையில்லாமல் பணம் வேண்டும். தீ எரிந்தபோது உலகமெங்கும் இருந்து நன்கொடை குவிந்தது. புதர் தழைத்துப் பச்சை திரும்பியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். எனக்குள்ள அச்சமெல்லாம் அதுதான்.

கோலாவுக்குக் கொடுத்ததைப் போல டன்னார்டுக்கும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். நன்கொடை தர விரும்பும் வாசகர்கள், பூனைக் கட்டுப்பாட்டுப் பணிக்கென்று குறிப்பிட்டே அனுப்பும்படியும் அதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அடிலெய்டு