நான்கு நாள் கணக்கு போதாது

ஆசிரியருக்கு,

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். 2015 முதல் நடக்கும் இதில் மாணவர்களும் பொதுமக்களும் தாங்கள் பார்த்த பறவைகளை ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிகிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் பொங்கலையொட்டி நான்கு நாள் மட்டும் எண்ணினால், வலசைப் பறவைகள் எப்போது வந்தன, எப்போது கிளம்பின என்பது தெரியாது. எங்கள் ஊர் ஏரி ஜனவரியில் தளும்பியது. ஏப்ரலில் ஆகாயத்தாமரைதான் மிச்சம். இடையில் நடந்தது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. (டீக்கடையில் கேட்டால் விவரமாகச் சொல்வார்கள், அது வேறு விஷயம்.)

பள்ளிகளில் ஏற்கெனவே தேசிய பசுமைப் படை என்ற மாணவர் சுற்றுச்சூழல் அமைப்பு இருக்கிறது. அந்த மாணவர்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரோடு மாதம் ஒருமுறை அருகிலுள்ள ஏரியின் நீர்மட்டத்தையும் பறவைகளையும் குறித்து, யாரும் பார்க்கும்படி இணையத்தில் பதிய, பள்ளிக் கல்வித்துறை ஏற்பாடு செய்யலாம். மதிப்பெண் மட்டும் வேண்டாம். அப்புறம் வீட்டிலிருந்தே எண்ணிவிடுவார்கள்.

– ஒரு வாசகர், காஞ்சிபுரம்