அட்டையில தமிழும் இருக்கட்டுமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் பேரனுக்கு அஞ்சு வயசு, ஆட்டிசம், பேச்சு இன்னும் வரல. முன்னெல்லாம் குடிக்க மைலோ வேணும்னா ஃப்ரிட்ஜ் கதவுல தலைய முட்டிக்கிட்டு அழுவான், என்ன கேக்குறான்னு புரியாம நாங்களும் சேர்ந்து அழுவோம். இப்ப தெரபிஸ்ட் சொல்லிக்குடுத்த மாதிரி லேமினேட் பண்ணின சின்னச் சின்ன படம், பின்னால வெல்க்ரோ, ஒரு ஃபைல்ல ஒட்டி வச்சிருக்கோம், அவனே மைலோ படத்த பிச்சு எடுத்து வந்து என் உள்ளங்கையில வைக்கிறான், நான் உடனே மைலோவ குடுத்துடணும், அதான் இதுல முக்கியம். 1985ல அமெரிக்காவுல பாண்டி, ஃப்ராஸ்ட்னு ரெண்டு பேர் ஆரம்பிச்ச பெக்ஸ் முறை இது, அதாவது படத்தக் குடுத்து வேணுங்கிறத கேட்டு வாங்குற முறை. படம் குடுத்தா பேச்சே வராதுன்னு சொந்தக்காரங்க பயமுறுத்துறாங்க, அது தப்புங்க, படத்தால பேச்சு தடைபடுதுன்னு ஆராய்ச்சி எதுவும் காட்டல.

எனக்கு ஒரே குறை, படத்துக்குக் கீழ இங்கிலீஷ் மட்டும்தான் இருக்கு. வீட்ல நாங்க தண்ணின்னுதானே சொல்றோம்? நானே மார்க்கர்ல தமிழ்ல எழுதி ஒட்டினேன். தமிழ்லயும் அச்சடிச்ச அட்டை கிடைக்க யாராவது வழி பண்ணுங்க. நம்ம சிங்கப்பூர் தேக்காவுல கடை வச்சிருக்கிறவங்களும், பிள்ளை அட்டைய நீட்டினா கொஞ்சம் பொறுத்து வாங்கிப் பாருங்க.

ஒரு பாட்டி,
ஈசூன்