கூகைக்குக் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மந்தைவெளியில் எங்கள் தெருவில் வாழும் அனைவருக்கும் வணக்கம்.

நம் தெருத் தூங்குமூஞ்சி மரத்தில், கண்ணாடித்தூள் பூசிய பட்ட நூலான மாஞ்சாவில் சிக்கிய கூகை (ஆந்தை வகைப் பறவை) பிழைத்துவிட்டது. இறக்கைத் தோலில் போட்ட தையல் ஆறிவருகிறது, எலும்பு முறியாததால் மீண்டும் பறக்கும் என்று இன்று காலை தகவல் வந்தது. அன்று நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதால், நன்றியை மட்டும் எழுதுகிறேன்.

ஏணியோடு வந்த தீயணைப்பு வீரர்களுக்கும், நூலை இழுக்காமல் வெட்ட வேண்டும் என்றும், வாயில் நீரூற்றினால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும் என்றும் தொலைபேசியில் பொறுமையாகச் சொல்லித்தந்த, விலங்குநல அமைப்பான புளூ கிராஸின் தன்னார்வலர்களுக்கும், கிண்டியிலிருந்து வந்த வனத்துறையினருக்கும், தையல் போட்ட மருத்துவருக்கும், அட்டைப்பெட்டியில் காற்றுத்துளை இட்டுத்தந்த மளிகைக் கடைக்காரருக்கும் மனமார்ந்த நன்றி.

ஆனால் இந்த மடலை எழுதத் தூண்டியவர், அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மா. கூகையைக் கீழே இறக்கியபின் வனத்துறை வண்டிக்காகக் காத்திருந்த நேரம்தான் எனக்கு மிகவும் அச்சமூட்டியது. கிளைகளில் காகங்கள் கூடிக் கரைந்துகொண்டிருந்தன. பகலில் கூகை அவற்றுக்கு ஈடுகொடுக்க முடியாது. கூகை அலறிய வீட்டில் சாவு விழும் என்ற அச்சத்தில் சிலர் விலகி நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த நம்பிக்கையில்தான் நாம் பலரும் வளர்ந்தோம். அந்த அம்மா மட்டும் இஸ்திரிப் பெட்டியிலிருந்த தணலில் நீர் தெளித்து அவித்தார். புகை பறவையின் பக்கம் போகிறது என்பதை அவர் ஒருவரே கவனித்திருந்தார். பிறகு துணி தேய்க்க வண்டிமேல் விரித்திருந்த கம்பளியை உருவி, "கண்ணு கூசுதுங்க அதுக்கு, அதான் தலைய ஆட்டுது" என்று சொல்லியபடி, கூகை இருந்த அட்டைப்பெட்டியின் துளைகள் மறையாதபடி மேலே போர்த்தினார். கூகை அடங்கியது. அடிபட்ட பறவைக்கு இருட்டும் அமைதியும்தான் முதல் மருந்து என்று மருத்துவர் பின்னர் சொன்னபோது, அதை யாரும் சொல்லாமலே செய்தவரை நினைத்துக்கொண்டேன். அன்று மாலைக்குள் தேய்த்துத் தர வேண்டிய துணிகள் அவருடைய வண்டியில் குவிந்துகிடந்தன. கூலியை இழந்து நின்றவர், வனத்துறை வண்டி புறப்படும்வரை காகங்களை விரட்டிக்கொண்டிருந்தார். அதற்கு ஈடாகப் பணம் கொடுக்க முயன்றவர்களிடம் வாங்க மறுத்துவிட்டார்.

அம்மா, உங்களுக்கு என் வணக்கம்.

நைலான் மாஞ்சாவை நாடு முழுவதும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் தடைசெய்தது. ஆயினும் அறுந்துவிழுந்த நூல் மட்காமல் கிளைகளிலேயே கிடக்கிறது. பட்டம் விட்டவர் மறந்துபோன பின்னும் அது அறுக்கும். எலிகளைத் தின்று நம் தெருவுக்கு நன்மை செய்யும் கூகை, இருளில் பறக்கையில் அந்த நூலை எப்படிக் காணும்? பட்டம் விடும் காலம் முடியும்தோறும் நம் தெரு மரங்களிலும் மொட்டைமாடிகளிலும் சிக்கிய நூலை அகற்றுவேன் என்று உறுதி கூறுகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை துறட்டியோடு தொடங்குகிறேன். உடன்வர விரும்புவோர் கையுறை அணிந்து வாருங்கள். எடுத்த நூலைத் துண்டு துண்டாக நறுக்கி, காகிதத்தில் பொதிந்து, தூய்மைப் பணியாளர்களின் கையை அறுக்காதபடி தனியாகக் கொடுத்துவிடுவோம்.

நன்றியுடன்,
உங்கள் தெருவாசி