‘ரன்’ என்றால் ‘ஓடு’ மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெருவில் ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி, சென்ற வாரம் தன் ஆங்கிலப் பயிற்சி நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். துவைக்கும்போது துணியின் சாயம் போய்விட்டது என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தை அவள் ‘துவைக்கும்போது நிறங்கள் ஓடின’ என்று தமிழில் எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி இருந்தது. சரியான விடை எது என்று யாரும் எழுதித் தரவில்லை. “ரன்னுன்னா ஓடுறதுதானே தாத்தா?” என்று கேட்டாள். அவள் மனப்பாடம் செய்த கையேட்டில் அந்தச் சொல்லுக்கு எதிரே ‘ஓடு’ என்ற ஒரே பொருள்தான் அச்சாகியிருக்கிறது. 32 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில், அந்தப் பெருக்கல் குறி எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் கையேடு எழுதுவோருக்கும் விழவேண்டியது என்றே கருதுகிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்கு உரியது. அதன் வினைப்பொருள்கள் மட்டும் 430. பின்னர் மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தும் பணி நடந்தபோது ‘ரன்’ அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக அதற்கு 645 பொருள்கள் கண்டறியப்பட்டன என்றும், அவற்றைப் பிரித்து அடுக்க பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளருக்கு ஒன்பது மாதங்கள் பிடித்தன என்றும் 2011இல் செய்தி வெளியானது. மூன்றே எழுத்துள்ள ஒரு சொல்லுக்குக் கற்றறிந்த ஒருவர் ஒன்பது மாதம் செலவிட்டிருக்கும்போது, நம் பிள்ளைகளுக்கு நாம் அதை ஒரு வரியில் முடித்துவிடுகிறோம்.

மூக்கு ஒழுகினாலும் ஆங்கிலத்தில் ‘ரன்’தான்; காய்ச்சல் அடித்தாலும் அதே சொல்தான். கடைக்காரர் கடையை நடத்துவதும், பேருந்து குறித்த நேரத்தில் வந்து போவதும், நாளிதழில் ஒரு கட்டுரை வெளியாவதும், ஒரு நோய் பரம்பரையாகத் தொடர்வதும் இந்த ஒரே வினையில் அடங்கிவிடுகின்றன. ‘அவுட்’ என்பதைச் சேர்த்தால் கிரிக்கெட்டில் ஆட்டமிழப்பு. வீட்டில் பால் தீர்ந்துபோனாலும் அதே இரண்டு சொற்கள். ‘ஓவர்’ சேர்ந்தால் ஒருவர்மேல் வண்டி ஏறிவிட்டது என்று பொருள். ‘இன்டு’ சேர்ந்தால் தெரிந்தவர் ஒருவர் தற்செயலாக எதிர்ப்பட்டார் என்று பொருள். பந்து எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டால் மட்டையாளர் ஓட வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் நான்கு ரன் அவர் கணக்கில் சேர்கிறது. இதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னால் அவர்கள் முகம் மலர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தேர்தல் செய்திகளில் இந்தச் சிக்கல் இன்னும் தெளிவாகத் தெரியும். வேட்பாளர் அமெரிக்க ஆங்கிலத்தில் ஓடுகிறார், பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் நிற்கிறார், தமிழிலும் நிற்கிறார். இது தெரியாமலோ, கணினி மொழிபெயர்த்ததை யாரும் திருத்திப் பார்க்காமலோ, ‘அதிபர் பதவிக்கு ஓடுகிறார்’ என்று இணையத்தில் வெளியான வரிகளை நானே படித்திருக்கிறேன். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து வாடிக்கையாளர்கள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றபோது, அந்தப் பதற்றத்தையும் ஆங்கிலத்தில் ‘ரன்’ என்றே எழுதினார்கள். அதை ‘வங்கி ஓட்டம்’ என்று எழுதினால், நடந்தது என்ன என்று எந்தத் தமிழ் வாசகருக்குப் புரியும்?

இத்தனைக்கும் பல பொருள் ஒரு சொல் நமக்குப் புதிதல்ல. அந்தச் சிறுமியிடம் நான் கேட்டேன்: படம் நூறு நாள் ஓடியது என்கிறோமே, படத்துக்குக் கால் இருக்கிறதா? பிழைப்பு ஓடுகிறது, கை கால் ஓடவில்லை, மோட்டார் ஓடுகிறது என்று அவளே அடுத்தடுத்துச் சொல்லத் தொடங்கிவிட்டாள். இத்தகைய சொற்களை வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிந்துகொள்ள வேண்டும் என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வழி சொல்லியிருக்கிறது. ‘மா பூத்தது’ என்றால் அது மரம் என்று ‘பூத்தது’ என்ற வினையே காட்டிவிடும். ஆங்கிலச் சொல்லுக்கும் இந்த வழி அப்படியே பொருந்தும்: ‘ரன்’ என்பதற்கு முன்னால் நிற்பது மூக்கா, ஆறா, கடைக்காரரா, வேட்பாளரா என்று பார்த்தால், தமிழில் எந்த வினை வர வேண்டும் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

பாடத்தின் முடிவில் அருஞ்சொற்பொருள் பட்டியல் தருகிறார்கள். அதில் இடம்பெறுவன எல்லாம் நீண்ட சொற்கள். அவற்றில் பலவற்றுக்குப் பொருள் ஒன்றோ இரண்டோதான். ‘ரன்’, ‘செட்’, ‘கெட்’, ‘டேக்’, ‘புட்’ போன்ற சிறு சொற்கள் எளியவை என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர்கள்கூட ஓர் ஆங்கில நாளிதழின் பத்தியைப் படிக்கும்போது தடுக்கி விழுவது இந்தச் சொற்களில்தான். கடினமான சொல்லுக்காவது அகராதியைத் திறப்பார்கள். இவற்றைத் தமக்குத் தெரிந்த சொல் என்று நம்பிக் கடந்துவிடுவார்கள்.

ஆகவே தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் நாள்தோறும் வெளியாகும் ஆங்கிலச் சொல் பகுதியில், வாரத்துக்கு ஒருநாளாவது இப்படிப்பட்ட ஒரு சிறு சொல்லை எடுத்து, அது வரும் ஏழெட்டு வாக்கியங்களையும், ஒவ்வொன்றுக்கும் நம் வீடுகளில் வழங்கும் தமிழ் வினையையும் அருகருகே அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சொல்லுக்கு எதிரே சொல்லை வைக்காமல், வாக்கியத்துக்கு எதிரே வாக்கியத்தை வைத்தால் போதும். கையேடு பதிப்பிப்போரும் அடுத்த பதிப்பிலேயே இதைச் செய்ய முடியும். கூடுதலாகச் சில பக்கங்களே ஆகும். தாங்கள் விரும்பினால், முதல் சில வாரங்களுக்குரிய சொற்களை நானே தொகுத்து அனுப்பி உதவத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
மயிலாடுதுறை.